அயல்நாட்டில் ஒரு துச்சில்

துச்சில் என்பது இன்று வழக்கில் அருகிப்போன ஒரு பழஞ்சொல். நிலையாக வாழ்தற்குரிய இல்லத்தைப் புக்கில் என்றும், சில காலம் ஒதுங்கியிருத்தற்குரிய இடத்தைத் துச்சில் என்றும் நம் முன்னோர் வேறுபடுத்தி வழங்கினர். உடம்பிற்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைப் பேச வந்த திருவள்ளுவர் இவ்விரு சொற்களையும் ஒரே குறளில் அமைத்திருக்கின்றார். அக்குறளின் பொருள் ஆழமானது. அதனுள் இப்பொழுது நாம் புகவேண்டுவதில்லை. துச்சில் என்னும் சொல் மட்டுமே இங்கு எனக்கு வேண்டுவது. பிறந்த ஊரிலேயே வீடு வாசலோடு வாழ்பவர்க்கு அச்சொல்லின் அருமை விளங்குவதில்லை. வணிகரும் வழிப்போக்கரும் மாணவருமே அதனை நன்கு அறிவர். அவர்களுள்ளும் வணிகரிடம் பொருள் உண்டு. வழிப்போக்கர்க்கு ஓர் இரவு கழிந்தால் போதும். மாணவர்க்கோ கையிற் பொருளும் குறைவு. தங்கவேண்டிய காலமும் ஆண்டுக்கணக்கில் நீள்வது.

சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களுள் கரடியூரும் ஒன்று. காப்பித் தோட்டங்களும், அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும் நிறைந்த பகுதி இது. காப்பிச் செடியும் இம்மலைக்கு விருந்தாக வந்ததே. 1820-களில் சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் அதனை இங்குக் கொணர்ந்தார் என்பர். வந்த செடி துச்சிலையே புக்கிலாக்கிக்கொண்டது. மக்கள் நிலை அவ்வாறன்று. இங்குப் பிறந்த பிள்ளைகள் மேற்படிப்பை விரும்பினால் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேலத்திற்கு இறங்கவேண்டும். அங்கே ஒரு விடுதியோ வாடகை அறையோ தேடவேண்டும். அதே சாலையில், சமவெளியிற் பிறந்த பிள்ளைகள் தகரப் பெட்டியும் படுக்கையுமாக ஏற்காட்டிலுள்ள உறைவிடப் பள்ளிகளுக்கு ஏறி வருவதையும் நெடுங்காலமாகக் கண்டிருக்கின்றோம். மாண்ட்போர்ட் பள்ளி 1917-இல் தோன்றியது. கல்வியின்பொருட்டுச் சிலர் ஏறுவதும் சிலர் இறங்குவதும் எங்கள் மலையின் அன்றாடக் காட்சி.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி இந்த ஊரினள். அவள் தந்தையார் இரண்டு ஏக்கர் நிலத்திற் காப்பியும் மிளகும் பயிரிடுபவர். அவள் மேட்டுப்பாளையத்து வனக் கல்லூரியிற் பயின்று தேறி, பின்னர் ஜெர்மனி நாட்டுக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வனவியல் முதுகலைப் படிப்பிற்கு விண்ணப்பித்தாள். கோட்டிங்கன் மிகப் பெரிய நகரமன்று. ஆயினும் 1737 முதல் விளங்கிவரும் அதன் பல்கலைக்கழகம் காசு என்னும் கணித மேதை இருந்து பணியாற்றிய பெருமையுடையது. ஒருநாள் மாலையில் அவள் என் இல்லத்திற்கு வந்து சொன்ன சொற்கள் இவை: “ஐயா, படிக்க இடம் கிடைத்துவிட்டது, இருக்கத்தான் இடம் கிடைக்கவில்லை.”

ஒரே சொல் இரு பொருள் தந்து நின்ற அழகை நான் சுவைத்தேன். அவளோ சுவைக்கும் நிலையில் இல்லை. தந்தையார் நிலப் பத்திரத்தை ஈடாக வைத்து வங்கியிற் கடன் பெற்றிருந்தார். அந்நாட்டிற்குப் பயில வருவோர் ஓராண்டுச் செலவிற்கான பொருளை முன்னரே ஒரு கணக்கில் முடக்கிக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மாணவர் அங்குச் சென்றபின் திங்கள்தோறும் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் உண்ணவும் உறையவும் நூல் வாங்கவும் வேண்டும். அறை வாடகை மிகுமாயின் உணவு குறையும். கடன் தலைக்குமேல் நிற்கப் படிப்பை விட்டுத் திரும்புவதோ நினைக்கவும் தகாத செயல்.

அயல்நாட்டு மாணவர்க்கு அறை கிடைத்தல் ஏன் அரிதாகின்றது? இதனைச் சற்று விரிவாகக் காண்போம். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகின்றது. ஆகவே ஊரிலுள்ள அறைகளையெல்லாம் நாடி ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வந்து குவிகின்றனர். குறைந்த வாடகைக்கு விடுதி நடத்தும் மாணவர் நல அமைப்புகள் அந்நாட்டில் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் வறுமையுற்ற மாணவர்கள் ஒருவர்க்கொருவர் உதவிக்கொள்ளத் தொடங்கிய முயற்சியே பின்னர் அவ்வமைப்புகளாக வளர்ந்தது. ஆனால் அவ்விடுதிகளுக்குக் காத்திருப்போர் வரிசை பெரிது. ஒரு பருவமோ இரு பருவமோ காத்திருத்தல் இயல்பு. தனியார் வீடுகளுக்குச் செல்லலாம் எனின், வீட்டுக்காரர் நேரில் வந்து பார்ப்பவர்க்கே முதலிடம் தருவர். கடலுக்கு இப்பால் இருப்பவர் எவ்வாறு நேரிற் செல்வது? மேலும், வருவாய்ச் சான்று கேட்பர். உள்ளூரில் ஒருவர் பிணை நிற்கவேண்டும் என்பர். கரடியூர்க் காப்பித் தோட்டத்தின் பட்டா அங்கே செல்லுமோ?

இன்னொரு முடிச்சும் உண்டு. குடிபுகுந்த இரண்டு வாரத்திற்குள் இன்ன முகவரியில் வாழ்கின்றேன் என்று நகர அலுவலகத்திற் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 2015 நவம்பர் முதல் அதற்கு வீடு கொடுத்தவரின் கையொப்பமிட்ட சான்றும் வேண்டும். அப்பதிவு இல்லையேல் அங்குத் தங்குவதற்கான இசைவு முதலிய பலவும் தடைப்பட்டுப் போகும். ஆகவே நண்பர் அறையில் ஒண்டிக்கொண்டு காலங்கழித்தல் ஆகாது.

இத்தகைய நெருக்கடியைப் பயன்படுத்திக்கொள்ளும் வஞ்சகர் எந்நாட்டிலும் உளர். அம்மாணவிக்கு ஒருநாள் இனிய மடல் ஒன்று வந்தது. ஒளி மிகுந்த அறை, குறைந்த வாடகை, பல்கலைக்கழகத்திற்கு நடந்து செல்லும் தொலைவு. வீட்டுக்காரர் தாம் வேறு நாட்டிற் பணியில் இருப்பதாகவும், வைப்புத் தொகையை அனுப்பினால் திறவுகோலை அஞ்சலில் அனுப்பிவைப்பதாகவும் எழுதியிருந்தார். அவள் அறிவுடையவள். அங்கு முன்னரே சென்று பயின்றுகொண்டிருந்த மதுரை மாணவர் ஒருவரை அம்முகவரிக்குச் சென்று பார்த்துவரும்படி வேண்டினாள். அவர் சென்று பார்த்தார். வீடு இருந்தது, அதில் ஒரு குடும்பம் வாழ்ந்துகொண்டும் இருந்தது, அறையை வாடகைக்கு விடும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. படம் மெய், தெரு மெய், வீட்டுக்காரர் மட்டும் பொய். கண்ணாற் காணாத அறைக்குக் கைப்பொருளை அனுப்பலாகாது என்பதை அயல்நாடு செல்ல விரும்பும் மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

அவள் திரட்டிவந்த செய்திகளுள் என்னைக் கவர்ந்தது ஒன்று. அந்நாட்டார் வாடகையைக் குளிர் வாடகை என்றும் வெப்ப வாடகை என்றும் இரண்டாகப் பகுக்கின்றனர். வெறும் அறைக்குக் கொடுப்பது குளிர் வாடகை. அறையைச் சூடாக்கும் செலவு, தண்ணீர், குப்பை அகற்றுதல் முதலியன சேர்ந்தது வெப்ப வாடகை. நம் நாட்டில் குடிக்கூலி என்னும் பழைய சொல்லையே மறந்து வாடகை என ஒன்றைமட்டும் வைத்துக்கொண்டிருக்கின்றோம். குளிரின் கொடுமை அறிந்தவர்க்கே இப்பகுப்புத் தோன்றும். வைப்புத் தொகையைப் பற்றியும் அங்கே தெளிவான வரம்பு உண்டு. மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேற்படக் கேட்டல் கூடாது. அதனையும் மூன்று தவணையிற் கொடுக்கலாம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்ட சென்னை வீட்டுக்காரர்களைப் பற்றிக் கேட்டுப் பழகிய எனக்கு இது வியப்பாகவே இருந்தது.

“முன்பெல்லாம் கடல் கடந்து படிக்கச் சென்றவர்கள் எங்கே ஐயா தங்கினார்கள்?” என்று அவள் வினவினாள். வினா நன்று. அறிஞர் வரலாறுகளை எழுதுவோர் அவர் பெற்ற பட்டங்களைச் சொல்வர். அவர் படுத்த இடத்தைச் சொல்வதில்லை. தெரிந்தவரை அவளுக்குச் சொன்னேன்.

காந்தியடிகள் 1888 செப்டம்பரில் சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்பட்டபொழுது வயது பதினெட்டு. முதலில் தங்கிய விக்டோரியா ஓட்டலின் கட்டணம் அவரைத் திடுக்கிடச் செய்தது. பின்னர்க் கைம்பெண் ஒருவர் வீட்டில் உணவோடு கூடிய அறை அமைந்தது. புலால் உண்ணேன் என்று தாய்க்கு உறுதி கூறியவர். அவ்வீட்டுக் காய்கறியோ உப்பும் உறைப்பும் அற்றது. வீட்டுக்காரியின் பெண்மக்கள் இருவரும் ஒன்றிரண்டு ரொட்டித் துண்டுகளைக் கூடுதலாக வைப்பராம். முழு ரொட்டியே அவர் பசிக்கு வேண்டியிருந்தது. கேட்க நாணி எழுந்துவிடுவாராம். நாளடைவில் ஒரே அறையை எடுத்துக்கொண்டு, ஓர் அடுப்பும் வாங்கிக் காலை உணவைத் தாமே சமைத்தார். ஒரு நாள் உணவு ஒரு ஷில்லிங் மூன்று பென்னிக்குள் அடங்கிற்று. எளிய வாழ்வு என்று பின்னாளில் உலகம் போற்றிய பண்பிற்கு அந்த ஒற்றை அறையும் ஒரு பயிற்சிக் களம் என்றே கருதுகின்றேன்.

நமக்கு இன்னும் அணித்தான வரலாறு சீனிவாச இராமானுஜனுடையது. அவர் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்தவர். அவருடைய கணிதத்தைக் கண்டு வியந்த ஹார்டி கேம்பிரிட்ஜிற்கு அழைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதில் 50 பவுன் குடும்பத்தின் பிழைப்பிற்கென ஒதுக்கப்பட்டது. திரினிட்டிக் கல்லூரியும் 60 பவுன் அளித்தது. 1914 மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலிற் புறப்பட்ட அவர் ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டனை அடைந்தார்.

இறங்கிய அன்றே எங்கே தங்குவது என்று தவிக்கவேண்டிய நிலை அவருக்கு நேரவில்லை. நெவில் என்னும் இளங்கணித ஆசிரியர் காருடன் காத்திருந்தார். தென் கென்சிங்டன் பகுதியிற் குரோம்வெல் சாலையில், புதிதாக வரும் இந்திய மாணவர்களை வரவேற்றுத் தங்கவைக்கும் நிலையம் ஒன்று அந்நாளில் இருந்தது. அங்குச் சில நாள் இருந்தபின் நெவில் அவரைக் கேம்பிரிட்ஜிலுள்ள தம் வீட்டிற்கே அழைத்துச்சென்றார். நெவிலும் அவர் மனைவியாரும் ஏறத்தாழ ஒன்றரைத் திங்கள் அவரைப் பேணினர். அயலூரில் முதல் மாதத்தைக் கடக்க ஒரு வீடு கிடைப்பது எத்துணைப் பெரிய பேறு என்பதை அங்குச் சென்றவரே அறிவர். நெவில் எழுதிய கணித நூல்களைக் கற்றோர் சிலராகலாம். ஆயினும் விருந்தோம்பியவர் என்ற அளவிலேயே தமிழர் அவரை நினைக்கக் கடமைப்பட்டவர்.

ஜூன் மாதத்தில் இராமானுஜன் கல்லூரிக்குரிய வேவெல் முற்றத்து அறைக்கு மாறினார். ஹார்டியின் இருப்பிடத்திற்கு அது அண்மையில் இருந்தது. ஆராய்ச்சிக்கு அதுவே வசதி. ஆனால் துச்சிலின் துன்பங்களும் அங்கேதான் தொடங்கின. கல்லூரிச் சமையலில் விலங்குக் கொழுப்புக் கலந்திருக்குமோ என்று ஐயுற்று, உணவு மண்டபத்தை விடுத்துத் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். புளியும் தேங்காய் எண்ணெயும் ஊரிலிருந்து அஞ்சலில் வரவேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. கல்லூரி முற்றங்களுள் ஒன்றிற் காயமுற்ற வீரர்களைக் கிடத்தினர். காய்கறியும் பாலும் நாளடைவில் அரியவாயின. நுண்கணிதத்தில் ஆழ்ந்த ஒருவர், அதற்கிடையே அரிசி வேகின்றதா என்றும் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. நேரந்தவறி உண்டார், சில வேளை உண்ணாமலும் இருந்தார்.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜிற் பயின்ற மகலநோபிசு, பின்னாளிற் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்றவர், ஒரு நிகழ்ச்சியைக் குறித்துவைத்திருக்கின்றார். குளிர் மிகுந்த ஒரு நாளில் அவர் இராமானுஜனைக் காணச் சென்றார். நெருப்பின் அருகே அமர்ந்திருந்த இராமானுஜன், இரவில் மேலங்கியை அணிந்தவாறே சால்வையையும் போர்த்துக்கொண்டு படுப்பதாகவும், அப்படியும் குளிர் தாங்கவில்லை என்றும் கூறினார். படுக்கையில் கம்பளி இல்லையோ என்று ஐயுற்ற நண்பர் உட்சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அந்நாட்டு வழக்கப்படி அவற்றை மெத்தையோடு இறுக மடித்துச் செருகி, மேலே ஒரு விரிப்பை இட்டிருந்தனர். கம்பளிகளுக்கு இடையே நுழைந்து படுக்கவேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. அவற்றின் மேலேயே படுத்து, மேல்விரிப்பை மட்டும் போர்த்திருந்தார். நண்பர் கம்பளியை விலக்கி, உள்ளே புகும் முறையைக் காட்டினார். இராமானுஜன் உள்ளம் நெகிழ்ந்தார் என்று அவர் எழுதுகின்றார்.

இதனைப் படித்துச் சிரிப்பவர் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எண்களின் மறைகளையெல்லாம் அறிந்தவர், பக்கத்து அறையில் இருந்தவரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும் துன்பத்தை எத்தனை இரவுகள் பொறுத்தாரோ! அயல்நாட்டில் ஒருவர்க்கு அறியாமையைவிடக் கூச்சமே பெரும் பகையாகின்றது.

அவருடைய அறை வறண்ட அறையும் அன்று. நண்பர்க்கு விருந்து படைப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். சாட்டர்ஜி என்னும் பஞ்சாபு மாணவரையும் பெண்டிர் இருவரையும் ஒருநாள் உணவிற்கு அழைத்துத் தம் கையாற் சமைத்த இரசத்தைப் பரிமாறினார். இரண்டாம் முறையும் வாங்கி உண்டனர்; மூன்றாம் முறை பெண்டிர் போதும் என்றனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. சில நாள் கழித்து ஆக்சுபோர்டிலிருந்து, பணம் அனுப்புமாறு தந்தி வந்தது. தாம் படைத்ததை அவர்கள் மறுத்தமை அவர் நெஞ்சைச் சுட்டதாம். கும்பகோணத்தில் இது ஒரு செய்தியே அன்று. தனிமையிற் சிறு சொல்லும் பெரும் புண்ணாகின்றது.

1917-இல் நோயுற்றபின் அவர் தங்கியவை எல்லாம் மருத்துவ இல்லங்களே. காச நோய் என்று எண்ணிக் குளிர்ந்த காற்றோட்டத்தில் அவரைக் கிடத்தினர். அது வேறொரு நோயாக இருக்கலாம் எனப் பிற்கால மருத்துவ ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அத்தகைய இல்லம் ஒன்றிலிருந்து ஹார்டிக்கு எழுதிய மடலில், ஒரு மாதமாகத் தம் அறையில் ஒருநாளும் நெருப்பிடவில்லை என்றும், குளியலறை மட்டுமே இதமான வெப்பமுடையதாதலின் நாள்தோறும் ஒரு மணி நேரம் தாளும் எழுதுகோலும் கொண்டு அங்கே சென்று கணக்கு எழுதப்போவதாகவும் தெரிவித்தார். அந்நிலையிலேதான் 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். அவ்வாண்டு அக்டோபரில் திரினிட்டிக் கல்லூரியும் தன் உறுப்பினராக ஏற்றது. 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நான் கம்பளிக்குள்ளேயே படுப்பேன் ஐயா” என்றாள். அக்டோபர் முதல் வாரத்திற் புறப்பட்டுச் சென்றாள்.

அவள் கைப்பேசி வழியேதான் எழுதுவாள். ஆயினும் ‘அன்புள்ள ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கி முறைப்படியே எழுதுவாள். முதற் பத்து நாள் வழிப்போக்கர் விடுதி ஒன்றில் எட்டுப் பேர் படுக்கும் அறையிற் கழித்தாள். பகலில் வகுப்பு, மாலையில் அறை தேடல். அங்கு மாணவர் நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஆளுக்கோர் அறையாகவும் சமையலறையைப் பொதுவாகவும் கொண்டு வாழ்வது பெருவழக்கு. ஓர் அறை காலியானால், இருப்பவர்கள் கூடிப் புதியவரைத் தேர்ந்தெடுப்பர். சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து வினவுவர். பாத்திரம் கழுவுவாயா? இரவில் நெடுநேரம் விழித்திருப்பாயா? உரக்கப் பேசுவாயா? நம் ஊரிற் பெண்பார்க்கும் சடங்கை இது ஒத்திருந்தது என்று எழுதினாள். ஐந்து வீடுகளில் மறுமொழியே இல்லை. அவள் எழுதிய விண்ணப்பங்கள் பலவற்றிற்கு, பெயரைக் கண்ட அளவிலேயே விடையளிக்காது விட்டவரும் இருந்திருக்கலாம். அதனை யார் அறிவார்? ஆறாம் வீட்டில், நீ எந்த ஊர் என்று வினவியபொழுது, காப்பி விளையும் ஊர் என்றாள். தந்தையார் வறுத்து அரைத்துக் கட்டிக்கொடுத்த தூள் அவள் பையில் இருந்தது. அன்று அந்த மேசையில் வடிகட்டிய காப்பியைக் குடித்தவர்கள் மறுநாளே இசைவு தெரிவித்தனர். காப்பியினாலா, அவள் இயல்பினாலா என்பது எனக்குத் தெரியாது.

அவள் அறை ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்தது. அந்நகரில் அறிஞர்கள் குடியிருந்த வீடுகளின் சுவரிலெல்லாம் அவர் பெயரும் அங்கு வாழ்ந்த ஆண்டும் பொறித்த பலகைகளைப் பதித்திருக்கின்றனர். மாணவராக வாடகைக்கு இருந்தவர்க்கும் அச்சிறப்பு உண்டு. பிற்காலத்தில் ஜெர்மானியப் பேரரசின் முதலமைச்சரான பிஸ்மார்க்கு 1833-இல் மாணவராக இருந்தபொழுது தங்கிய சிறு வீடு, பழைய நகர மதிலை ஒட்டி இன்றும் நிற்கின்றது. குறும்பு மிகுதியால் நகரத்தினுள் குடியிருக்கலாகாது என விலக்கப்பட்டு அங்குச் சென்றார் என்பது வழிவழிச் செய்தி. நம் ஊர்களில் புலவர்களும் அறிஞர்களும் வாடகைக்கு இருந்த வீடுகள் எத்தனை! அவற்றை இடித்து அடுக்குமாடி கட்டும்பொழுது ஒரு பலகையேனும் வைத்தோமா?

குளிர்காலத்தில் அவளுக்கு வந்த சிக்கல் போர்வையால் அன்று, சன்னலால் வந்தது. குளிர் புகாதபடி அந்நாட்டு வீடுகளை இடுக்கின்றி மூடிக் கட்டுவர். அரிசி வேகும் ஆவியும் மூச்சின் ஈரமும் வெளியேற வழியின்றிக் குளிர்ந்த சுவரிற் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் உறைபனிக் காலத்திலும் நாள்தோறும் இரண்டு மூன்று முறை சன்னல்களை அகலத் திறந்து சில நிமிடம் காற்றோட்டம் விடவேண்டும் என்பது குடியிருப்போர் கடமை. எங்கள் மலை வீடுகளில் ஓட்டின் இடுக்குகளே அவ்வேலையைச் செய்துவிடுகின்றன. சூடாக்கிய அறையைத் திறந்து வைப்பதா என்று அவள் மூடியே வைத்திருந்தாள். கட்டிலுக்குப் பின்புறச் சுவர் கறுத்துப்போயிற்று. வீட்டுக்காரர் வந்து பார்த்துக் கடிந்துகொண்டார். உடனிருந்த பெண் ஒருத்தி, சுவரைத் துடைக்கவும் சன்னலைத் திறக்கும் நேரத்தைக் குறித்துவைக்கவும் கற்றுக்கொடுத்தாள்.

ஒரு மடலில் அவள் எழுதிய வரி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ‘ஐயா, இங்கு வீடு பார்க்கும்பொழுது எத்தனையோ கேட்டார்கள், நீங்கள் என்ன சாதி என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மலையைச் சேர்ந்த மாணவன் ஒருவனுக்கு அறை தேடிச் சேலத்துத் தெருக்களில் நானும் உடன் அலைந்தேன். ஒரு வீட்டில் முன்பணமும் பேசி முடித்தாயிற்று. விடைபெறும் வேளையில் வீட்டுக்காரர் என்னை மட்டும் தனியே அழைத்து, “பையன் என்ன ஆளுங்க?” என்றார். சொன்னேன். மறுநாள் அறை உறவினர்க்கு வேண்டியிருக்கின்றது என்று சொல்லி அனுப்பினார். அம்மாணவன் அதன் காரணத்தை என்னிடம் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணல் அம்பேத்கர் வரலாற்றில் இதனினும் கொடிய நிகழ்ச்சி உண்டு. பரோடா மன்னரின் உதவியால் அவர் 1913-இல் நியூயார்க்கு சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். அங்கு மாணவர் விடுதிகளில் எல்லாரோடும் ஒப்பத் தங்கினார். பின்னர் இலண்டனிலும் சில காலம் பயின்று, உதவித்தொகைக் காலம் முடிய, 1917-இற் பரோடாவில் பணியேற்க வந்தார். அவ்வளவு பெரிய நகரில் அவருக்கு ஒரு துச்சில் கிடைக்கவில்லை. பார்சி வகுப்பினர்க்குரிய விடுதி ஒன்றில், நாள் வாடகை ஒன்றரை ரூபாய்க்கு, பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். பதினோராம் நாட்காலையில் பார்சியர் சிலர் தடியோடு வந்து, மாலைக்குள் வெளியேறுமாறு அச்சுறுத்தினர். நண்பர் இருவரை நாடினார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர்; இருவரும் தத்தம் இல்லத்தில் இடந்தர இயலாமையைத் தெரிவித்தனர். பம்பாய்க்குச் செல்லும் இரவு வண்டி வரும்வரை பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்தார். அட்லாண்டிக்குக் கடலுக்கு அப்பால் அறை கொடுத்தார்கள்; தாம் பணியாற்ற வந்த நகரிலோ பூங்காவின் இருக்கையே கிடைத்தது. 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று பயின்ற காலத்தில், கிங் ஹென்றி சாலையில் 10-ஆம் எண் வீட்டிற் குடியிருந்தார். அவ்வீட்டை 2015-இல் மகாராட்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவிடமாக்கியது. பல லட்சம் பேர் உள்ளத்திற் குடிபுகுந்தபின் அவருக்கு நாம் வாங்கிக் கொடுத்த வீடு அது.

மாணவியின் மூன்றாம் பருவத்தில், காத்திருந்த வரிசை நகர்ந்து, மாணவர் நல அமைப்பின் விடுதியில் அவளுக்கு அறை கிடைத்தது. வாடகை குறைவு, சமையலறை பெரிது. அப்பருவத்தில் எத்தியோப்பியா நாட்டிலிருந்து ஒரு பெண் அதே படிப்பிற்கு வந்திருந்தாளாம். நுழைவிசைவு தாமதமாகி, வகுப்புகள் தொடங்கியபின் வந்தவள்; அவள் நாட்டிலும் காப்பி விளைகின்றது. எட்டு இரவுகள் அவளைத் தன் அறையிலே தரையில் மெத்தை விரித்துத் தங்கவைத்துக்கொண்டாள் எங்கள் மாணவி. பிறகு தன் பழைய வீட்டாரிடம் அழைத்துச்சென்று, தான் விட்ட அறையையே அவளுக்குப் பேசி முடித்தாள். சாமான்களை மாடியேற்றிய அன்றே, வெப்பக் குழாயின் திருகு எப்பக்கம் சுழலும் என்பதையும், சன்னலை எவ்வாறு அகலத் திறப்பது என்பதையும் காட்டிக்கொடுத்தாளாம். தன்னுடைய வைப்புத் தொகை மட்டும் இன்னும் திரும்பவில்லை என்றும், கட்டிலுக்குப் பின்புறச் சுவரை நன்கு பார்த்த பின்னரே தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கின்றார் என்றும் எழுதியிருக்கின்றாள்.